‘டேங்க் கிளீனர்’ என்று ஒரு மீன் கிடையாது

சென்ற வாரம் சித்தூரில், சோகநாசினி ஆற்றில் ஒரு மீன் விடப்பட்டது. விட்டவர் என் தாய்மாமா. விரல் நீளத்தில் வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ ஐந்தாண்டில் ஒரு முழத்தை எட்டிவிட்டது. செடிகளைப் பெயர்த்தது, இரவெல்லாம் கண்ணாடியை இடித்தது. கொல்ல மனம் வரவில்லை. ஆற்றில் விட்டுப் படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தார். எல்லோரும் கைகூப்பினார்கள். நான் மட்டும் எதிர்த்து எழுதினேன். “மொழியியல் படிக்கற உனக்கு மீனப் பத்தி என்னம்மா தெரியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீனைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் அந்த மீனை அவரிடம் விற்றது ஒரு பெயர். பெயர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

எங்கள் பக்கத்து ஓடைகளில் பாறைமேல் ஒட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும் சிறு மீன்கள் உள்ளன. அறிவியலில் ‘காரா’ என்னும் பேரினம். மலையாளத்தார் ‘கல்லேமுட்டி’ என்பர். கல்லும் முட்டுதலும் சேர்ந்த பெயர். நம் ‘மரங்கொத்தி’யும் ‘மீன்கொத்தி’யும் அப்படித்தான்: விகுதி இகரம், வினை அவ்வுயிரின் வினை, அது தன் வயிற்றுக்காகச் செய்வது. ‘டேங்க் கிளீனர்’ என்பதில் வினை நம்முடைய வேலை, செயப்படுபொருள் நம்முடைய தொட்டி. உயிரி அங்கே ஒரு பணியிடம் மட்டுமே. (லாரியிலும் ஒரு ‘கிளீனர்’ இருப்பார், அவருக்கும் பெயர் கேட்பதில்லை.) பணியிடத்திற்கு ஆள் எடுக்கும்போது அவன் எவ்வளவு வளர்வான், எத்தனை ஆண்டு வாழ்வான் என்று யாரும் விசாரிப்பதில்லை.

விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மீன் தென்னமெரிக்காவின் டெரிகோப்ளிக்திஸ். நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டும், பத்தாண்டுக்கு மேல் வாழும். வளர வளரப் பாசியில் நாட்டம் குறையும், கழிவு பெருகும். இன்னொன்று ‘சைனீஸ் ஆல்கே ஈட்டர்’. அது தாய்லாந்து, மேகாங் ஆற்றுப் பகுதிகளின் மீன். சீனம் பெயரில் மட்டும். பெரிதானதும் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் உடல்மேலுள்ள வழவழப்புப் படலத்தை உறிஞ்சத் தொடங்கும். உண்மையிலேயே பாசிக்கு உதவும் ‘சயாமீஸ்’ மீன் ஒன்று உண்டு. கருந்தூரிகை போல் இலை விளிம்பில் ஒட்டும் பாசியைத் தின்னும் மிகச் சிலவற்றுள் அது ஒன்று. அதன் கருங்கோடு வால்துடுப்பின் நுனிவரை ஓடும். ஆனால் அதன் பெயரிலேயே வேறு மீன்களும் விற்கப்படுகின்றன. அதுவும் ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் வளரும். மேசைமேல் வைக்கும் தொட்டிக்கு அதுவும் ஆகாது.

பாசி ஏன் வருகிறது என்பதை இந்தப் பெயர் கேட்கவே விடுவதில்லை. ஒளி மிகுந்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி வரும். சன்னலோரத் தொட்டி, பத்து மணி நேர விளக்கு, மூன்று வேளைத் தீனி, மாதம் ஒருமுறை நீர் மாற்றம் என்று வைத்துக்கொண்டு மேலும் ஒரு மீனை உள்ளே விட்டால், அதன் கழிவும் அடுத்த பாசிக்கு உரமாகும். தின்ற பாசியின் சத்து பெரும்பாலும் தொட்டியிலேயே தங்கும். வெளியேற்றுவது நீர் மாற்றம். வாரம் கால்பங்கு நீர், ஆறேழு மணி நேர விளக்கு, ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டுதல்: இவ்வளவுதான் வேலை. நீலப்பச்சையாய் வழவழவென்று படர்வது பாசியே அன்று, பாக்டீரியா. அதை இந்தக் ‘கிளீனர்கள்’ தீண்டுவதில்லை.

இனி ஆற்றுக்கு வருகிறேன். கேரளத்தின் பொது நீர்நிலைகளில் வளர்ப்புமீன்கள் பரவுவதை 2009இலேயே ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். திருவனந்தபுரம் சாக்கைக் கால்வாயில் டெரிகோப்ளிக்திஸ் நிலைத்தே விட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும். முள்துடுப்பால் வலையைக் கிழிக்கும். நீரில் உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். மாமா விட்டது ஒன்றுதானே என்பவர்களுக்கு: தொட்டி இருக்கும் வீடுதோறும் ஒரு மாமா இருக்கிறார். சித்தூர் ஆறு பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. அதற்குக் கதவு இல்லை.

இதே புண்ணியத்தைக் குமுளிப் பக்கம் யாரேனும் செய்தால் என்ன ஆகும் என்பதே என் அச்சம். பெரியாற்றின் மேற்பகுதியில் மட்டும் வாழும் மீன்கள் உண்டு: 1941இல் அறியப்பட்ட லெபிடோபைகாப்சிஸ் டைபஸ், 1996இல் க்ராசோகைலஸ் பெரியாரென்சிஸ் என்று பெயர் பெற்ற ஒன்று, 2001இல் காரா பெரியாரென்சிஸ். இரண்டாவது, கடையில் விற்கும் ‘சயாமீஸ்’ மீனின் பேரினத்திலேயே வைத்துப் பெயரிடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நாம் பணம் கொடுத்து வரவழைக்கும் மீனின் உறவு தேக்கடியில் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. கெண்டையும் திலாப்பியாவும் ஏற்கெனவே அந்த ஏரிக்குள் இருக்கின்றன. ‘ஏற்கெனவே கெட்டதுதானே’ என்பது மேலும் கெடுக்க உரிமையாகாது.

‘அப்படியானால் கல்லேமுட்டியையே பிடித்து வளர்க்கலாமே’ என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. ஏலமலை, பழனிமலை ஓடைகளின் காரா ஹியூகி, 1955இல் சைலஸ் பெயரிட்டது, இன்று அருகிவரும் இனம். ‘மிஸ் கேரளா’வுக்கு நேர்ந்ததும் தெரிந்ததே, அழகிப் பட்டம் கொடுத்து ஆற்றிலிருந்து அள்ளினோம், அதுவும் இப்போது அதே பட்டியலில். ஓடும் குளிர்நீரில் வாழ்பவை நம் கூடத்து வெந்நீரில் நெடுநாள் தாங்கா.

வளர்ந்துவிட்ட ‘கிளீனர்’ உங்களிடம் இருக்கிறதா? கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கிக் கொன்றுவிடுங்கள். கொடுமையாகத் தோன்றும். ஆற்றில் விடுவது அதைவிடக் கொடுமை. அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

மாமாவின் தொட்டியில் நேற்று மீண்டும் பாசி படர்ந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறார். விரல் நீளம். கடைக்காரர் இந்த முறை அதை ‘மினி கிளீனர்’ என்றாராம்.