அவுன்ஸ் கணக்கும் ஆள் கணக்கும்

கோலார் தங்க வயலில் எந்த ஆண்டில் எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுக்கப்பட்டது, அதன் விலை என்ன, மைசூர் சமஸ்தானத்துக்கு வந்த ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் சர்க்கார் ஏட்டில் இருக்கிறது. சமஸ்தானத்தின் சுரங்க இலாகா ஆண்டுதோறும் அறிக்கை அச்சடித்து வெளியிட்டது. தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 வீதம் வாங்குகிறவர்களுக்குக் கணக்கில் கண் இருக்காதா?

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1956-இல் சுரங்கங்கள் சர்க்கார் உடைமையாயின. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம்!

அதை வெட்டி எடுத்தது யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்களே அதிகம். பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் பண்ணையடிமையாய் இருந்தவர்கள் அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை, அனலாய்க் கொதிக்கும் பாறைக்குள் இறங்கினார்கள். பாறை திடீரென வெடித்துச் சிதறுவதை அவர்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதில் மாண்டவன் விபத்துப் பட்டியலிலாவது ஏறினான். பாறைத் தூசியைச் சுவாசித்து, நெஞ்சு கெட்டு, வேலை போய், சொந்த ஊர்த் திண்ணையில் இருமி இருமிச் செத்தவன் எந்தப் பட்டியலில் ஏறினான்? (பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

1940-க்கும் 1946-க்கும் இடையே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிக்கோசிஸ்! சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கு இது. அதற்கு முன் போனவர்கள் போனவர்களே.

ஆளைப் பதிவு செய்யத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1930-இல் தொழிலாளியின் கைரேகையைப் பதிவு செய்யத் துடித்தார்களே! நாங்கள் என்ன கைதிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் சுமார் மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அன்று விரலுக்கு ஏடு திறந்தவர்கள் நுரையீரலுக்குத் திறக்கவில்லை.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசி தொழிலாளர் குடியிருப்புகளில்தான் படிகிறது. அந்த மேடுகளில் 3 கோடியே 30 லட்சம் டன் மண் இருப்பதாகக் கணக்கிட்டு, மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அரசாங்கம் சம்மதம் கொடுத்தது. மறுபடியும் மண்ணுக்குத்தான் முதல் கணக்கு!

நாம் கேட்பது இதுதான்: சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எத்தனை ஆண்டு உழைத்தார், என்ன நோய் வந்தது, என்ன நஷ்டஈடு பெற்றார் என்று எழுதிய ஏடு வேண்டும். பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தொழிலாளர் குடும்பங்கள் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு அரசாங்கச் செலவில் நெஞ்சுப் பரிசோதனை நடக்க வேண்டும். அதுவரை அந்த மேட்டிலிருந்து ஒரு லாரி மண்கூட நகரக் கூடாது!