குற்றாலத்து மணலும் கடலோரத்துப் புயலும்

"கடல் பொங்கினா அது தூத்துக்குடிக்காரன் பாடு, தென்காசிக்கு என்ன வந்தது?" டிவியில் புயல் சின்னம் என்று ஓடும்போதெல்லாம் இங்கே கேட்கிற வசனம் இது. அருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதோடு நம் கவலை முடிந்துவிடுகிறது.

ஆனால் குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்ந்து, புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. தண்ணீரோடு மணலும் போகிறது. அந்த மணல்தான் கரையை மேடாக்குகிறது. முகத்துவாரத்தில் வண்டல் தங்கினால்தான் அலையாத்தி மரம் வேர் பிடிக்கும். பொங்கி வரும் கடலின் வேகத்தைக் குறைப்பவை இந்த இரண்டும்தான்.

புயலில் காற்றை விடப் பெரிய எமன் தண்ணீர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியில் அதைத்தான் பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ரயிலே போனது. ஊரும் போனது. பூமி சூடாகி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது. அதே பலமுள்ள புயல் இனி வந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே வரும்.

உடனே கல் கொட்டிச் சுவர் கட்டு என்பார்கள். கல் கொட்டிய இடம் தப்பலாம். மணல் நகர்வது தடைப்பட்டு, பக்கத்து ஊர்க் கரை அரித்துப் போகுமே, அதற்கு யார் பொறுப்பு?

"மரமும் மணலும் புயலை நிறுத்திடுமா?" நிறுத்தாது. உயிரைக் காப்பது முன்னெச்சரிக்கையும் புயல் பாதுகாப்பு மையமும்தான். ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013 பைலின் புயலுக்கு முன் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை வெளியேற்றியதால் சாவு 50-க்கும் கீழே நின்றது. ஆனால் அந்த 1999-லேயே, கேந்திராபாரா மாவட்டத்தில் அலையாத்திக் காடு மறைத்து நின்ற கிராமங்களில் சாவு குறைவு என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. தவிர, வீட்டையும் படகையும் உப்பளத்தையும் தூக்கிக்கொண்டு யாரும் மையத்துக்கு ஓட முடியாது.

அணைகள் தடுத்தது போக மிஞ்சும் மணலையும் லாரியில் ஏற்றினால் கடற்கரைக்கு என்ன போய்ச் சேரும்? 2010-ல் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் 5 ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை போட்டது. ஆற்றைக் காக்க ஒருவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்பதே வெட்கக்கேடு.

முதலை விற்றுவிட்டு லாபம் என்று எழுதும் கடைக்காரனை ஊர் சிரிக்கும். மணல் விற்ற காசை வருமானம் என்று எழுதும்போது மட்டும் ஏன் யாரும் சிரிப்பதில்லை? லோடு கணக்கு சிற்றாற்றங்கரையில் முடிகிறது. நஷ்டக் கணக்கு புன்னக்காயலில்தான் தொடங்குகிறது. அதைக் கட்டப்போகிறவன் மணல் விற்றவன் இல்லை, மீன் பிடிக்கிறவன்.