காற்றைக் கேட்டுக் குளி

சலெந்தோவில் எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டால் ஊர்ப் பெயர் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. முதலில் காற்றைப் பார்ப்பார்கள். இத்தாலி என்ற பூட்ஸின் குதிகால்தான் சலெந்தோ. கிழக்கே அட்ரியாட்டிக், மேற்கே அயோனியக் கடல். ட்ரமொந்தானா என்ற வடகாற்று வீசினால் அட்ரியாட்டிக் கொந்தளிக்கும். அன்று அயோனியப் பக்கம் அலையடங்கிக் கிடக்கும். ஷிரோக்கோ என்ற புழுக்கமான தென்கிழக்குக் காற்று வந்தால் கதை தலைகீழ். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கும் நம் மீனவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. மெரினாவில் கால் நனைத்துவிட்டுச் சுண்டல் தின்று வீடு திரும்பும் என் போன்றோருக்குத்தான் பாடம்.

லெச்சேயில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளிடம் அட்ரியாட்டிக் கரையிலுள்ள தோர்ரே தெல்லோர்ஸோவின் படத்தைக் காட்டி, "இங்கேதான் போகப்போகிறோம்" என்றோம். அவர் போனைப் பார்க்கவே இல்லை. பால்கனியில் காயப்போட்ட துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். "இன்றைக்கு வேண்டாம், அலை தூக்கும். அயோனியக் கரைக்கு, நார்தோ பக்கம் போங்கள்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த வழி மனதைப் பிசையும். செம்மண்ணில் வரிசை வரிசையாக ஒலிவ மரங்கள், இலையில்லாமல், சாம்பல் நிறத்தில் செத்து நிற்கின்றன. க்ஸைலெல்லா என்ற பாக்டீரியா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்துவிட்டது 2013-இல் இந்தப் பகுதியில்தான் முதலில் தெரியவந்தது. அதற்குப் பிறகு பட்டுப்போன மரங்கள் லட்சக்கணக்கில். சுற்றுலா விளம்பரங்களில் இந்தச் சாலை வராது.

கரைக்கு வந்தால் அடுத்த சிக்கல், லிடோ என்ற கட்டணக் கடற்கரை. ஒரு குடை, இரண்டு சாய்வுப் படுக்கை. எங்களிடம் 35 யூரோ கேட்டார்கள். முன்வரிசை என்றால் இன்னும் அதிகம். சட்டப்படி கடற்கரை அரசின் சொத்து, லிடோக்காரர்கள் உரிமம் வாங்கி நடத்துபவர்கள்தான். தண்ணீர் வரை போக யாருக்கும் வழிவிட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அந்த உரிமங்களைப் போட்டி முறையில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு உத்தரவிலிருந்து தொடங்கிய வழக்கு. இத்தாலிய அரசுகள் மாறி மாறி அதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2027 செப்டம்பர் வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. இந்த இழுபறிக்கு நடுவே, 2024 ஆகஸ்ட் 9 அன்று லிடோக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எப்படி? காலையில் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல்! உழைப்பாளர் வரலாற்றில் இதைவிடச் சொகுசான போராட்டம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

இலவசக் கரைகளிலும் சூது உண்டு. முதல்நாள் இரவே குடையை நட்டுவிட்டு, காலையில் சாவகாசமாக வருவார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் நம்மூர்க்காரர்கள் தோற்றார்கள். கடலோரக் காவல்படை விடியலில் வந்து அந்தக் குடைகளை அள்ளிக்கொண்டு போவதும் உண்டு.

இந்த வம்பெல்லாம் இல்லாத இடம், நார்தோ பக்கத்துப் போர்த்தோ செல்வாஜ்ஜோ. காரை மேலே விட்டுவிட்டு, பைன் காட்டுக்குள் கல்லும் வேருமான பாதையில் இறங்க வேண்டும். கீழே கூழாங்கல் கரை. மணல் கிடையாது, லிடோ கிடையாது. பாறைக்கு அடியிலிருந்து நன்னீர் ஊற்று கடலில் கலப்பதால் ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஓரிடத்தில் இதமாக இருக்கும், இரண்டு கை நீந்தினால் தொடை விறைக்கும்.

இது இப்படியே இருப்பது தற்செயல் அல்ல. இந்தக் காட்டைக் கட்டடங்களாக்கப் பலர் கண் வைத்திருந்தார்கள். நார்தோ நகர நிர்வாகத்தில் கல்வி, பண்பாட்டுத் துறைகளைக் கவனித்த ரெனாத்தா ஃபோன்தே அதற்குக் குறுக்கே நின்றார். 1984 மார்ச் 31 இரவு, நகர மன்றக் கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 33, இரண்டு பெண் குழந்தைகள். சுட்டவர்களோடு, ஏவிவிட்டவர் என்று அவருடைய கட்சிக்காரர் ஒருவரும் தண்டிக்கப்பட்டார். அந்தக் கொலைக்குப் பிறகு அங்கே கட்டடம் கட்டும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. இன்று அது மாநில இயற்கைப் பூங்கா.

மதியம் அந்தக் கரை முழுக்க நார்தோக்காரர்கள். இடுப்பளவு தண்ணீரில் தொப்பியோடு நின்று பாட்டிமார்கள் ஊர்க்கதை பேசினார்கள், ஒருவர்கூட நீந்தவில்லை. பிறகு கூடைகள் திறந்தன. ஃப்ரிசெல்லா என்று, இரண்டு முறை சுட்டு உலர்த்திய வளைய ரொட்டி, கல்போல இருக்கும். பக்கத்துக் குடைப் பாட்டி அதைக் கடலிலேயே ஒரு முக்கு முக்கி, தக்காளியை நசுக்கித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி எங்களுக்கும் நீட்டினார். உப்பு போடவில்லை, தேவைப்படவும் இல்லை.

தின்று முடித்ததும் அவருடைய பேரன் தண்ணீரைப் பார்த்து ஓடினான். பாட்டி அதட்டினார். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் கடலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்பது இத்தாலியப் பாட்டிகளின் அசைக்க முடியாத மருத்துவம். பையன் இரண்டு மணி நேரத்துக்குப் பேரம் பேசினான். படியவில்லை. அப்போது நான் எழுந்து தண்ணீர்ப் பக்கம் நடந்ததைப் பாட்டி பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பையனுக்குப் பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.