மடிமேல் ஒரு வாத்தியம்

ஹவாய்த் தீவுகளுக்கும் தஞ்சை ஜில்லாத் திருவிடைமருதூருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1889-ஆம் வருஷ வாக்கில் ஜோசப் கெகுகு என்ற ஹவாய்ச் சிறுவர் கிதாரை மடிமேல் மல்லாக்கக் கிடத்தி, தந்திகளை விரலால் அழுத்தாமல், ஓர் இரும்புத் துண்டை அவற்றின்மேல் வழுக்கி ஓட்டி வாசித்தார் என்று அத்தீவினர் கொண்டாடுகிறார்கள். நம்முடைய நாட்டிலோ, மெட்டில்லாத வீணையாகிய கோட்டு வாத்தியத்தின்மேல் கருங்காலி உருளையை ஓட்டி வாசிக்கும் வித்தையைத் திருவிடைமருதூர் சகாராம ராவ் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சிஷ்யர் நாராயண ஐயங்கார் (1903–1959) அதற்கு மேலும் கீர்த்தி தேடித் தந்தார்.

இந்தியாவிலே பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் கெகுகுவுக்கு முன்பே ஹவாயில் இவ்விதம் வாசித்தார் என்று ஒரு செய்தியும் உண்டு. உடனே, "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்!" என்று மார் தட்டுவது நமக்குச் சம்மதமில்லை. ஒரே யுக்தி கடலுக்கு இப்புறமும் அப்புறமும் தோன்றியிருந்தால் அதனால் யாருக்கும் குறைவில்லை.

இந்தச் சரித்திரமெல்லாம் இப்போது எதற்கு? நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர், ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்துப் பிள்ளை, ஸ்டீல் கிதாரில் கீர்த்தனங்கள் வாசிக்க வேண்டுமென்று ஆசை கொண்டிருக்கிறார். அயல்நாட்டு வாத்தியத்தின் விலை தறிக் கூலியில் வாழும் வீட்டுக்கு எட்டக்கூடியதல்ல. "கடன் வாங்கிடலாமா, சார்?" என்று நம்மைக் கேட்டார். வேண்டாம் என்றோம். அவ்விதம் சொன்ன பிறகு, வேறு வழி காட்டும் பொறுப்பும் நம் தலையில் விழுந்தது.

வழி இருக்கிறது. வீணை செய்வது எல்லாத் தச்சருக்கும் கைவரும் காரியமல்ல. பலா மரத்தைக் குடைந்து, குடத்தின் கனத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, நாதம் பிறக்கும்படி செய்வது பரம்பரை வித்தை. தஞ்சாவூர் வீணைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். மின்சார ஸ்டீல் கிதாருக்கோ குடமே கிடையாது. 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்பவரின் முயற்சியால் உருவான முதல் மாதிரி, கெட்டி மரத்தில் செதுக்கப்பட்டதே. மறு வருஷம் ரிக்கன்பேக்கர் அதை அலுமினியத்தில் வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். உருவத்தைக் கண்டு ஜனங்கள் 'வாணலி' என்று பெயர் சூட்டினார்கள். மேடை விளக்குகளின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்ததாம். ஆகவே, மரம் மட்டமென்று எண்ண வேண்டியதில்லை.

நமது ஊரில் தறி வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னோம். இப்போது தறி வேலை அவருக்கு அவ்வளவாக வருவதில்லை. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதிலே மெட்டு எங்கே, தம்பி?" என்று பையனைக் கேட்டார். மெட்டு கிடையாது, கோடுகள் மாத்திரமே என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மெட்டு வைத்து இழைப்பதிலும், விரலுக்கு வாகாகக் கழுத்தை வளைப்பதிலுமுள்ள தொல்லை பாதி தீர்ந்ததல்லவா? ஆனால் தந்திகள் யாவும் மட்டப்பலகை வைத்தாற்போல் ஒரே சமத்தில் நிற்க வேண்டும். ஓட்டும் உருக்குக் கோல் நேரானது, வளைந்த வரிசையைத் தொடாது. பலகைக்கு மேல் அவை அரை அங்குலம் வரை உயர்ந்தும் நிற்கலாம்.

ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ கனத்துக்கு இழுக்கும். இரண்டு அரிசிச் சிப்பங்களைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமானம். ஈரமுள்ள மரம் இந்த இழுப்பில் முறுக்கிக்கொள்ளும். இடித்த வீட்டு உத்தரம் ஒன்று, நன்றாய் உலர்ந்த தேக்கு, ஆசாரியிடம் இருந்தது. அதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

அளவு விஷயத்தில்தான் யோசனை தேவை. பழைய ஸ்டீல் கிதார்களில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 22½ அங்குலம். அதை 17.817-ஆல் வகுத்தால் 1.26 அங்குலம் வரும். முதற் கோடு அவ்விடத்தில். மிச்சத்தை மறுபடி அவ்வாறே வகுத்தால் அடுத்த கோடு 1.19 அங்குலம் தள்ளி. இப்படியே பன்னிரண்டாம் கோடு சரியாகத் தந்தியின் நடுவில் விழும். விழாவிட்டால் கணக்கில் பிழை. அந்த நடுவிடத்தில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடைவெளி முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. கோல் அரைக்கால் அங்குலம் தவறினால் அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்; கேட்பவர் முகம் சுளிப்பார். நீளத்தை 25 அங்குலமாக்கினால் சற்றுத் தாராளமாய் இடம் கிடைக்கும். கமகம் வாசிக்கப் போகிற பிள்ளைக்கு அதுவே நல்லதென்பது நம் அபிப்பிராயம். கோடுகள் மேற்கத்திய சம அளவைச் சேர்ந்தவை. நமது காந்தாரமும் நிஷாதமும் அவற்றின்மேல் அடங்கி உட்காருபவை அல்ல. காதுதான் மெட்டு.

தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பதில் ஹவாய்க்காரரும் நாமும் பிரிகிறோம். அவர்கள் தந்திகளை ஒரு கூட்டு நாதமாகச் சேர்ப்பார்கள். நேர்க் கோலை எங்கே வைத்தாலும் பல ஸ்வரங்கள் இணைந்து ஒலிக்கும். நமக்கு வேண்டியது ஓடும் ஒரே நாதம். கோட்டு வாத்தியத்தில் போல ஸட்ஜமும் பஞ்சமமுமாகச் சேர்ப்பதே முறை. ஜயப்பூர் விசுவமோகன பட்டர் கிதாரில் அனுரணனத் தந்திகளையும் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-இல் ரை கூடருடன் கிராமி பரிசும் பெற்றார். நம் பிள்ளை முதலில் ஆறு தந்திகளை ஆளட்டும்.

இனி, ஓசையை மின்சாரமாக்கும் உறுப்பு. காந்தங்களைச் சுற்றி, தலைமயிர் போன்ற எனாமல் செப்புக் கம்பியை 5,000 முதல் 10,000 சுற்று வரை சுற்ற வேண்டும். உருக்குத் தந்தி காந்தத்தின்மேல் அதிரும்போது கம்பிச் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கும்; ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கும். இழுத்துச் சுற்றினால் கம்பி அறும், தளர்த்தினால் சுருள் குலையும். பையன் இரண்டு தடவை அறுத்துவிட்டார். பிறகு அவருடைய தாயார் அதை வாங்கி, தார் சுற்றும் ராட்டையிலே ஏற்றி, பட்டிழையைப் பிடிக்கிற அதே இரண்டு விரலால் ஒரே பிற்பகலில் சுற்றி முடித்தார். எத்தனை சுற்று என்று எண்ணுவதற்காக நாம் பக்கத்தில் நிறுத்தப்பட்டோம்.

விலை கொடுத்து வாங்கியவை முறுக்காணிகள், தந்திகள், காந்தம், செப்புக் கம்பி, உருக்குக் கோல் ஆகியவையே. கடன் வாங்கவில்லை. இதன் நாதம் கோட்டு வாத்தியத்தின் நாதமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பலாக் குடத்தின் இனிமை வேறு. ஆனால் மீட்டிய ஒலி நெடுநேரம் நின்று, ஒரே மீட்டில் கமகத்தை முடிக்க இடம் தருகிறது.

மடியில் வைத்து அழுத்தினால் நழுவாதபடி அடிப்புறத்தைச் சற்றே குடைந்து தரும்படி பையன் கேட்டிருக்கிறார். அவர் மடிக்கு மட்டும் பொருந்தும் குடைவு. கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது. ஆசாரி அவரை வெறும் தரையில் சப்பணம் கொட்டி உட்காரவைத்து, தொடைக்குத் தொடை நூல் பிடித்து அளந்துகொண்டார். தலைப்பக்கத்தில் வீணைக்குப் போல் ஒரு யாளி முகம் செதுக்கியே தீருவேன் என்கிறார் அவர். கனம் கூடும், மின்சார வாத்தியத்துக்கு அது எதற்கு என்கிறார் பையன். விவகாரம் இன்னும் தீரவில்லை. நம்முடைய ஓட்டு யாளிக்கே.