பிரித்தெடுப்பதும் பெரிய வேலைதான்!



ஒரு வெள்ளை சாக்பீஸில், அடியிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கோடு நனையாமல் அதில் நிறுத்துங்கள். தண்ணீர் ஏற ஏற, கறுப்பு மை நீலம், ரோஸ் என்று தனித்தனியாகப் பிரியும். இதுதான் குரோமட்டோகிராபி. ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சையையும் மஞ்சளையும் பிரித்தார். 1906இல் இந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

எப்படிப் பிரிகிறது? தேர்த்திருவிழாவுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். வளையல் கடை, பலூன் கடை என்று நிற்கிறவர்கள் பின்தங்கிவிடுவார்கள். எங்கேயும் நிற்காதவர் முதலில் போய்ச் சேருவார். குழாயிலும் அப்படித்தான். ஒட்டுகிற பொருள் மெதுவாக வரும், ஒட்டாதது சீக்கிரம் வரும்.

"வெறும் பிரிக்கிற வேலைதானே?" என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோவில், லெனார்டு தாம்சன் என்ற சர்க்கரை நோயாளிப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். நம்ம வயசுப் பையன்! மருந்து சுத்தமாக இல்லாததால் ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. பெரிய பலனும் இல்லை. காலிப் என்பவர் ஆல்கஹால் கொண்டு மருந்தைச் சுத்தப்படுத்தினார். 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். ஆனால் 1923 நோபல் பரிசு பான்டிங், மக்ளியோடு இருவருக்குத்தான். மக்ளியோடு தன் பரிசுப் பணத்தில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார்.

இன்று நுண்ணுயிரிகளை வளர்த்து இன்சுலின் தயாரிக்கிறார்கள். அதோடு வேறு பல புரதங்களும் கலந்திருக்கும். அவற்றை நீக்கி இன்சுலினை மட்டும் பிரித்தெடுக்கத் திரவக் குரோமட்டோகிராபி குழாய்கள்தான் உதவுகின்றன. அது இல்லாவிட்டால் மருந்தே கெடுதல் செய்யும்.

நம் செய்முறை வகுப்பில் வடிகட்டுவது, கழுவுவது எல்லாம் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். முன்னால் நின்று விளக்குவது வேறு யாரோ. கண்காட்சி அட்டையிலும் விளக்கியவர் பெயர்தான். இனிமேல் வடிகட்டியவர் பெயரையும் எழுத வேண்டும், வேலைகளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அம்மா முறத்தில் புடைக்காமல் விட்டால் சோத்துல கல்லுதான். கண்டுபிடித்தவருக்குக் கை தட்டுவோம். சுத்தம் செய்தவருக்கும் சேர்த்துத் தட்டுவோம்!

- 9ஆம் வகுப்பு மாணவி