நிழல் இளவரசனும் ஒரு பெட்டி ஃப்ளாப்பியும்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதற்காக வாசகர்கள் முதலில் எங்களைப் பொறுத்தருள வேண்டும். எங்கள் நண்பர் வட்டத்தில் பாதிப்பேர் கணினியால் பிழைப்பவர்கள். மென்பொருள் அலுத்தால் சினிமா, சினிமா அலுத்தால் புத்தகம் என்று பேசியே பொழுதைக் கழிப்பவர்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கிளம்பிய விவாதம் நண்பர்கள் கலைந்த பின்னும் எங்களை விடவில்லை. அதையே இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

தொண்ணூறுகளில் கணினிப் பயிற்சி நிலையங்களின் படிக்கட்டு ஏறியவர்கள் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை மறந்திருக்க முடியாது. ஆசிரியர் வெளியே போனதும் கறுப்புத் திரையில் அந்த வெள்ளை உடை இளவரசன் தோன்றுவான். சிறையிலிருந்து தப்பி, முள்ளும் அரிவாளும் நிறைந்த தளங்களைத் தாண்டி, 60 நிமிடங்களுக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். அந்த நாளில் மற்ற விளையாட்டுகளின் பொம்மைகள் விறைத்து நகர்ந்துகொண்டிருக்க, இவன் மட்டும் மனிதனைப்போல் ஓடினான். விளிம்பைப் பற்றித் தொங்கினான். தாவி விழும்போது அவன் உடலின் எடை நமக்குத் தெரிந்தது.

காரணம் சினிமா. இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தம் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் ஏறவும் வைத்து வீடியோவில் பிடித்தார். அதைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்து, உருவத்தின் விளிம்பை வரைந்தெடுத்துக் கணினிக்குள் ஏற்றினார். வாட்போர் அசைவுகளை 1938இல் வெளிவந்த ராபின் ஹுட் படத்தின் இறுதிச் சண்டையிலிருந்து எடுத்தார். எரால் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நின்று மோதும் சில நொடிகளே அவருக்குப் போதுமாயிருந்தன. இசையமைத்தவர் அவருடைய தந்தை. ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின், 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக அது வெளிவந்தது.

அந்தக் கணினியின் நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. இளவரசனின் அசைவுகளே இடத்தை அடைத்துக்கொண்டதால், அவனோடு பொருத எதிரி ஒருவனைப் புதிதாக வரைய வழியில்லை. மெக்னர் ஓர் உபாயம் கண்டார். இளவரசனின் அதே படங்களை ஒரு புள்ளி நகர்த்தி, ஒன்றோடொன்று கழித்துக் காட்டினார். மினுங்கும் நிழலுருவம் ஒன்று பிறந்தது. விளையாட்டில் இளவரசன் கண்ணாடிக்குள் பாய்ந்து வெளிவரும்போது அவனிடமிருந்து பிரிந்து ஓடும் நிழல் அதுதான். அவன் குடிக்கவேண்டிய மருந்தை அது குடித்துவிடும். அவன் நுழையவேண்டிய கதவை மூடிவிடும். இறுதியில் இருவரும் வாளுடன் எதிர்ப்படும்போது, நிழலை வெட்டினால் இளவரசனின் உயிரும் குறையும். வாளை உறையிலிட்டு, நிழலை நோக்கி நடந்தால் மட்டுமே இருவரும் ஒன்றாவார்கள்.

பதினாறு வயதில் இதற்கு விடை கண்ட அன்று, ஒரு நல்ல சிறுகதையின் கடைசி வரியை வாசித்த நிலையில் இருந்தோம். வாளை உறையிலிடும் பொத்தானை நாமே அழுத்தவேண்டியிருந்தது என்பது கூடுதல். விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010 ஏப்ரலில் எழுதினார். எதிர்ப்பு மழையாய்ப் பொழிந்தபின், தாம் விளையாடிப் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசாதிருந்திருக்கலாம் என்று அதே ஆண்டு ஜூலையில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறோம். ஆனால் அதே 2010இல் இந்த இளவரசன் பெயரில் ஹாலிவுட் எடுத்த படத்தை மட்டும் அவர் சாட்சியாகக் கொண்டிருந்தால் அவர் கட்சி வென்றிருக்கும். மைக் நியூவெல் இயக்கி, ஜேக் ஜில்லன்ஹால் நடித்த அந்தப் படத்தில் பணமும் பாலைவனமும் இருந்தன. அந்த நிழல் இல்லை. கணினியில் செய்யமுடியாதது எதுவுமில்லை என்ற நிலையில் எடுக்கப்பட்ட படம், செய்யமுடியாதவற்றுக்கு நடுவே பிறந்த விளையாட்டின் அருகில்கூட வரவில்லை என்பது எங்கள் கட்சி.

இதுவரை சொன்னது ரசனை. எங்களை உறுத்துவது இனி வருவது.

இந்த விளையாட்டின் மூலநிரல் பல்லாண்டு காலம் காணாமற்போயிருந்தது. உலகெங்கும் கணினிகளில் இளவரசன் ஓடிக்கொண்டிருந்தான். அவனை எழுதிய கைப்பிரதி எழுதியவரிடமே இல்லை. 2012இல் மெக்னரின் தந்தை வீட்டு அலமாரியின் ஆழத்திலிருந்து ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். உள்ளே மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள். காந்தப்பூச்சு நாளாக ஆகச் செத்துக்கொண்டே இருப்பது. இருபது ஆண்டு கடந்த தட்டு பிழைத்திருப்பது தற்செயல். ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்னும் இரு ஆர்வலர்கள் பழைய கருவிகளுடன் வந்து உட்கார்ந்து அதை வாசித்தெடுத்தார்கள். இன்று அந்த நிரலை யாரும் இணையத்தில் படிக்கலாம். நிழல் பிறந்த வரிகளும் அதில் இருக்கின்றன.

சினிமாவிலும் இதே கதை உண்டு. 1998இல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளை படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்புப் பிரதியும் வேலை செய்யவில்லை. கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்று வீட்டிலிருந்தபடி பணியாற்றியதால், அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. படத்தை மீட்டது அதுதான். நம் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியானது. அதற்கு அப்படியோர் அலமாரியோ வீட்டுக் கணினியோ வாய்க்கவில்லை. ஒரு பிரதிகூட எஞ்சவில்லை.

எங்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. இந்த வட்டத்தின் மூத்த நண்பர் ஒருவர் மறைந்தபோது அவர் துணைவியார் ஏழு ஃப்ளாப்பிகளைக் கொடுத்தார். நண்பர் மொழிபெயர்த்துவந்த நாவல் ஒன்று அவற்றில் இருப்பதாகச் சொன்னார். மூன்றுதான் திறந்தன. திறந்தவற்றிலும் தமிழ் இல்லை. ரோமன் எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பை. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி எண்களில் அமர்த்தியிருந்தனர். நண்பர் பயன்படுத்திய எழுத்துருவை விற்றவர்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள். நல்லகாலமாக, அதே எழுத்துருவில் அச்சான பழைய சிற்றிதழ் ஒன்றும் அதன் கோப்பும் ஒருவரிடம் அகப்பட்டன. அச்சுத்தாளையும் திரையையும் அருகருகே வைத்து, இந்த அடைப்புக்குறிதான் 'ழ', இந்த வினாக்குறிதான் இரட்டைச்சுழி என்று எழுத்தெழுத்தாகப் பொருத்தினோம். பல இரவுகளுக்குப் பின் ஆறு அத்தியாயங்கள் மீண்டன. முடிவு எந்தத் தட்டில் இருந்ததோ, அது போயிற்று.

ஓலைச்சுவடியும் சாகாவரம் பெற்றதன்று. செல்லரிக்கும், முறியும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து புதிய ஓலையில் படியெடுத்ததால்தான் சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது. படியெடுத்தல் என்பதுதான் பாதுகாத்தல். படியெடுக்க மிக எளிதான கணினிக் கோப்புக்கோ நாம் பூட்டும் சட்டமும் போட்டுவைத்திருக்கிறோம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அந்நாட்டின் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. 2014இல் காசு வாங்கி விற்கப்பட்ட 'தி க்ரூ' விளையாட்டு 2024 மார்ச் 31 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டதும் எவராலும் ஆடமுடியாததாயிற்று. வழக்கொழிந்த விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த நூலகங்கள் அனுமதி கேட்டபோது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

படைத்தவன் வயிறும் நிறையவேண்டாமா என்று வட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பயிற்சி நிலையத்தில் நாங்கள் ஆடிய இளவரசன் காசு கொடுத்து வாங்கப்பட்டவன் அல்லன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விற்பவர் விற்கும்வரை வாங்குவோம். விற்பதை நிறுத்தியபின், நூலகம் ஒரு பிரதியை வைத்துக்கொள்வதற்கும் வாசகனுக்குத் தருவதற்கும் தடை எதற்கு? பதிப்பில் இல்லாத புத்தகத்தை நூலகம் எரித்துவிட வேண்டும் என்று எந்தப் பதிப்பாளரும் கேட்டதில்லையே.

சட்டம் மாறும்போது மாறட்டும். எழுதுகிறவர்களாகிய நம் கையில் சில காரியங்கள் உண்டு. பழைய எழுத்துருவில் கிடப்பவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய வெற்று உரைக்கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். இன்னொன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். முக்கியமானதைத் தாளில் அச்சிட்டு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் பெற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்துதான் அந்த நூலகமே 1994இல் சென்னையில் உருவானது.

மீண்ட ஆறு அத்தியாயங்களையும் நண்பரின் துணைவியாரிடம் அச்சிட்டுக் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதற்பக்கத்தைப் படித்தவர், மிச்சம் எங்கே என்று கேட்டார். திறக்காத நான்கு ஃப்ளாப்பிகளும் எங்களிடம்தான் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.