வசனம் யார் கூற்று?

குறுந்தொகைப் பாட்டொன்றைக் கற்கப் புகும் மாணவன், அதன் பொருளை ஆராயுமுன், அது தலைவி கூற்றா தோழி கூற்றா, யாரை நோக்கி எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நம் இலக்கியப் பயிற்சியின் பாலபாடம். தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புக்களை 34 என வகுத்தபோது, மாத்திரையோடும் அசையோடும் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவற்றையும் சேர்த்தே எண்ணினார். இவ்வளவு நுட்பமான மரபிலே வந்த நம் கிறிஸ்தவ அன்பர்கள், வேதாகமத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதை மறந்துவிடுவது எனக்கு ஆச்சரியத்தையே விளைவிக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு, தமிழ்நாட்டுச் சபைகளிலும், கடல் கடந்து அந்தமானில் குடியேறிய தமிழர்களின் சபைகளிலும், புத்தாண்டு ஆராதனையின்போது வாக்குத்தத்த அட்டைகள் வழங்கப்படுகின்றன. தமக்கு வந்த ஒற்றை வசனத்தை அவ்வாண்டு முழுவதற்கும் கடவுள் அருளிய செய்தியாகக் கொண்டு, வீட்டுச் சுவரிலும் கடைப் பலகையிலும் எழுதி வைப்போர் பலர். அவ்வாறு எழுதப்படும் வசனங்களுள் மிகப் பிரசித்தமானது யோபு 8:7. தொடக்கம் அற்பமாயினும் முடிவு நிறைவாக இருக்கும் என்பது அதன் கருத்து. சிறு முதலோடு தொழில் தொடங்கும் ஒருவருக்கு இதைக் காட்டிலும் இனிய வார்த்தை வேண்டுமோ?

ஆனால் இதைச் சொன்னவர் கடவுளுமல்லர், தீர்க்கதரிசியுமல்லர்; யோபுவின் நண்பரான பில்தாத். கேட்டவரோ, பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்ததால் தம் பத்து மக்களையும் ஒருங்கே பறிகொடுத்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார். இந்த இனிய வாக்கியத்துக்கு மூன்று வசனங்களுக்கு முன்னர், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதன் பலனை அடைந்தார்கள் என்று அந்தத் தகப்பனாரிடமே பில்தாத் குத்திக் காட்டுகிறார். நீ சுத்தமானவனாயிருந்தால் உனக்கு நன்மை வரும் என்று நிபந்தனையும் விதிக்கிறார். நூலின் இறுதி அதிகாரத்தில், இந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபித்துக்கொள்கிறார். யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையினும் மேன்மை அடைந்தது மெய்யே. ஆயினும் அது பில்தாத் கூறிய காரணத்தால் அன்று. கண்டனத்துக்கு ஆளான ஒரு பேச்சின் துணுக்கைத்தான் நாம் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம்.

இதனால் என்ன நஷ்டம், மனத்துக்கு ஆறுதல் கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள், 2004 டிசம்பர் 26-ஐச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமை, நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தில் கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களையும் கச்சால் தீவின் குடியிருப்புக்களையும் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. ஆறாம் நாள் புத்தாண்டு. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு நிக்கோபாரியத் தாயின் முன் யோபு 8:7-ஐ நீட்டுபவர், தம்மை அறியாமலேயே பில்தாத்தின் ஆசனத்தில் அமர்ந்தவராகிறார். பேரழிவு நேர்ந்தால் மாண்டவர்களின் பாவத்தைத் தேடும் துர்ப்புத்தி எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றவர்களிலும் பெரிய குற்றவாளிகளோ என்று வினவி, அல்ல என்று இயேசுவே விடையளித்ததை லூக்கா 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதைப் படித்தவர் இந்தப் பேச்சைப் பேசத் துணியார்.

கார் நிக்கோபாருக்குக் கிறிஸ்தவத்தையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர், வேதப்பன் சாலமன் என்னும் தமிழ் உபதேசியார். அவருடைய மாணவரான ஜான் ரிச்சர்ட்சன் பிற்காலத்தில் பிஷப் ஆனார்; 1952-இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் பாராளுமன்ற உறுப்பினருமானார்; வேதாகமத்தை நிக்கோபாரிய மொழியில் பெயர்த்தவரும் அவரே. மொழிபெயர்ப்பாளருக்கு அட்டை எடுக்கும் சௌகரியம் கிடையாது. வம்ச அட்டவணையையும் புலம்பலையும் பில்தாத்தின் கடுஞ்சொல்லையும் ஒன்றுவிடாமல் சுமந்தே அவர் கரையேற வேண்டும். ஒற்றை வசனத்தைத் தனியே வெட்டியெடுக்க உதவும் எண்கள்கூட மூலத்தில் இல்லாதவை. இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள், 1551-இல் ரோபேர் எஸ்தியேன் என்ற அச்சகர் தம் பதிப்பில் இட்டவை.

எரேமியா 29:11 இன்னொரு பிரசித்தமான அட்டை. உங்களைக் குறித்து நான் கொண்டிருப்பது நல்லெண்ணமே என்று கடவுள் கூறுவதாக அமைந்த அவ்வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் நடுவே வருகிறது. இரண்டே ஆண்டுகளில் விடுதலை என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி வாக்களித்திருக்க, எரேமியாவோ 70 ஆண்டு செல்லும் என்றார். அதாவது கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டுபோவார்கள். ஆகையால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காகப் பிரார்த்தியுங்கள் என்பது கடிதத்தின் சாரம். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்து, தலைமுறைகளாக வாழ்ந்த இலங்கையை விட்டு வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கடிதம் முழுவதும் எவ்வளவு பொருந்துகிறது! ஒற்றை வசனமாக வெட்டினாலோ, அது சீக்கிரத்தில் உத்தியோக உயர்வு வரும் என்னும் ஜோதிடமாகச் சுருங்கிப்போகிறது.

படிப்பறிவு குறைந்த எளிய பக்தர்களின் ஆறுதலைப் பறிக்கலாமா என்று சில போதகர்கள் கேட்கக்கூடும். யோபுவின் புத்தகத்தில் ஆறுதல் இல்லாமலில்லை. தம் துயரத்தைக் கடவுளின் முகத்துக்கு நேரே முறையிட்ட மனிதரே சரியாகப் பேசினார் என்று அது தீர்ப்பளிக்கிறது. பிள்ளைகளை இழந்த தாய்க்கு அழவும் வழக்காடவும் உரிமை தரும் தீர்ப்பு அது. அதை அறிய முழுப் புத்தகமும் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட வேண்டும். அட்டை வழக்கத்தை உடனே ஒழித்துவிடலாம் என்று நான் கனவு காணவில்லை. அச்சிடுவோர் வசனத்தின் அடியில், சொன்னவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் சங்கப் பாட்டின் கீழ்க் கூற்று எழுதுவதுபோல இரண்டு வரியில் சேர்த்தாலே போதும். அச்சுக்கூலி அதிகம் ஆகாது.